சுவரில் ஆறு ஓட்டைகள் இருந்தன, மாமா

என் பிரியமான மாமாவுக்கு, சுமதி எழுதுவது.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. பேப்பரில் உங்கள் போட்டோவைப் போட்டு நாலு வரி விளம்பரம் கொடுக்கலாம் என்று உங்கள் மகன் சொன்னார். கீழே வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரும் வரிசையாக வருமே, அது. நான்தான் வேண்டாம் என்றேன். அந்த நாலு வரியில் நான் சொல்ல வேண்டியது அடங்காது. அதனால் உங்களுக்கு ஒரு கடிதமாகவே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத்தைச் சமன் செய்துவிட்டோம். ஒரே தளமாக இல்லை, இரண்டு அடுக்காக. சமையலறைக் கதவைத் திறந்தால் மேல் அடுக்கு. அங்கே துணி காய்கிறது. எட்டுப் படிக்கட்டு இறங்கினால் கீழ் அடுக்கு. அங்கே ஓரத்தில் இரண்டு வாழை வைத்திருக்கிறேன். மிச்ச இடத்தில் உங்கள் பேத்தி நிவிதா ஷட்டில் ஆடுகிறாள். பாதி நேரம் பந்து கீழ் வீட்டுச் செல்வி அக்கா வீட்டுக்குள் போய் விழுகிறது. ஏழாம் வகுப்பு வந்துவிட்டாள், ஆனாலும் "பந்து, பந்து" என்று கத்துகிற சத்தம் பம்மல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

ஒவ்வொரு அடுக்கையும் ஒரு கருங்கல் சுவர் தாங்கி நிற்கிறது. நாலடி உயரம்தான். அடியில் அகலமாக ஆரம்பித்து மேலே போகப் போகக் குறுகுகிறது. கல்லுக்குப் பின்னால் ஒன்றரை அடிக்கு வெறும் ஜல்லி. ஜல்லிக்கு நடுவிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற பைப்புகள், மேல் சுவரில் ஏழு, கீழ்ச் சுவரில் ஏழு.

பைப் என்று எழுதியதும் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

நம் வீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு பம்மலில் மலைச்சரிவில் ஏறுகிறது. வாசல் பக்கம் பார்த்தால் எல்லா வீடும் சாதாரணமாகத்தான் தெரியும். பின்பக்கம் போனால்தான் தெரியும், நிலம் காலுக்கு அடியில் நழுவிக்கொண்டு போவது. சமையலறைக் கதவிலிருந்து முப்பதடி தள்ளி இருக்கிற செல்வி அக்கா வீட்டுப் பின்பக்கம் எங்களைவிட எட்டடி கீழே இருந்தது. அவர்கள் வீட்டு வாசல் அடுத்த தெருவில். நான் கல்யாணமாகி வந்தபோது அந்தச் சரிவில் நிற்கக்கூட முடியாது. பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றினால் கீழே ஓடிவிடும். துணி காயப்போட மொட்டைமாடிக்குத்தான் ஏற வேண்டும்.

நிவிதா தவழ ஆரம்பித்ததும் அந்தக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தோம். ஒருநாள் யாரோ தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார்கள். குழந்தை வாசற்படியைத் தாண்டிவிட்டாள். நீங்கள்தான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு, உங்களுக்கு. அன்றைக்குச் சாயங்காலமே அந்தோணி மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்து, "கீழ வேலியோரமா ஒரு சுவரை எழுப்பு. மண்ணை நெரப்பிச் சமமாக்கிடலாம். இந்தக் குட்டி ஓடி ஆடுறதுக்கு ஒரு எடம் வேணும்" என்றீர்கள்.

அந்தக் கோடை முழுவதும் நீங்கள் அங்கேயேதான் நின்றீர்கள். தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர் நீங்கள்; ஓய்வு பெற்றபின் உங்களுக்குக் கிடைத்த முதல் வேலை அது. செங்கல் சுவர், எட்டடி. தண்ணீர் வெளியேற ஆறு ஓட்டைகள். அந்த ஆறுக்கும் நீங்களே உட்கார்ந்து பைப்பை வெட்டிக் கொடுத்தீர்கள். நான் டீ கொண்டுவந்து கொடுத்தபோது பார்த்தேன். ஹாக்ஸா பிளேடால் ஒரே அளவாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். சுவருக்குள் போகிற பைப்புக்கு இவ்வளவு எதற்கு என்று நான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

அந்தச் சுவரில் ஆறு ஓட்டைகள் இருந்தன, மாமா. இந்த ஒரு வரியை நான் பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வருஷ ஐப்பசியில் முதல் மழை. புதிதாக நிரப்பின செம்மண் கரைந்து, ஓட்டை வழியாகச் சேற்றுத் தண்ணீராகச் செல்வி அக்கா வீட்டுப் பின்பக்கத்தில் கொட்டியது. அவளுடைய துணி துவைக்கிற கல் அங்கேதான். அவளுடைய கணவர் குமார் அண்ணன் அப்போது குவைத்தில் டிரைவராக இருந்தார். அவள் மட்டும்தான் வீட்டில். ஜாக்கெட் தைத்துப் பிழைப்பு. தைத்து முடித்து அலசிப் போட்ட கஸ்டமர் துணிமேல் சேறு அடித்துவிட்டது.

"சுமதி! இங்க வந்து பாரு. உங்க வூட்டு சாக்கட பூரா எங்க வூட்லதான் ஊத்திகினு கீது. நான் இன்னா செய்யட்டும் சொல்லு" என்று கீழேயிருந்து கத்தினாள்.

நீங்கள் அன்று ஊரில் இல்லை. செய்யாறில் உறவுக்காரர் கல்யாணம், நாலு நாள். இவர் ஒரகடத்தில் ஷிஃப்டில் இருந்தார். நான் தெருவைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஆறு ஓட்டையிலும் செம்மண் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, எனக்கும். சுவர் வேலையில் மிஞ்சின அரை மூட்டை சிமெண்ட் நம் வீட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் சட்டியைப் பிடித்துக்கொண்டாள். நான் கையால் உருட்டி உருட்டி ஆறு பைப்பின் வாயிலும் திணித்தேன். மேலே தேய்த்து, வெயில் வந்ததும் வெள்ளையும் அடித்துவிட்டோம். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. "இப்பதான் சுவரு மாதிரி கீது" என்றாள் செல்வி அக்கா. இரண்டு பேரும் டீ குடித்தோம்.

ஓட்டை அடைபட்ட முகம் முழுக்க அவள் வீட்டுப் பக்கம். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உங்களுக்கு முழங்கால் வலி, இரண்டு தெரு சுற்றிக் கீழே போய்ப் பார்க்க மாட்டீர்கள். ஆனாலும் உங்கள் கண்ணுக்கு ஏதோ பட்டது. "மழை விட்டு ஒரு வாரம் ஆவுது, மண்ணு ஏன் இன்னும் இப்படி ஊறிக் கெடக்குது?" என்று கேட்டீர்கள். "இந்த வருஷம் மழை ஜாஸ்தி மாமா" என்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பீர்கள், அவ்வளவுதான். மறுநாளே அந்தோணி மேஸ்திரி வந்து உளியால் தட்டித் திறந்திருப்பார்.

அடுத்த வருஷம்தான் அந்த மழை. முடிச்சூரில் படகு விட்டார்களே, அந்த மழை. நாம் மேட்டில் இருக்கிறோம், நமக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். குமார் அண்ணன் குவைத்திலிருந்து திரும்பி அஞ்சாறு மாதம் ஆகியிருந்தது. அவர் வந்தபோது பார்த்தது ஓட்டையில்லாத வெள்ளைச் சுவர்.

காலை பத்து மணி இருக்கும். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அந்த இடைவெளியில் பாத்திரத்தைத் தேய்த்துவிடலாம் என்று செல்வி அக்கா பின்பக்கம் வந்திருக்கிறாள். நான் அடுப்பில் இருந்தேன். லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கதவைத் திறந்தால் நம் தோட்டம் இல்லை. நடுவில் பெரிய வாய் பிளந்து, மண்ணெல்லாம் கூழாகக் கீழே போயிருந்தது. அவளுடைய அலறல் அதற்கப்புறம்தான் கேட்டது.

இடது கை செங்கல்லுக்கு அடியில். நீங்கள் அந்த முழங்காலோடு சேற்றிலேயே சறுக்கிக் கீழே இறங்கினீர்கள். நீங்களும் குமார் அண்ணனும் கையாலேயே கல்லை எடுத்துப் போட்டீர்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. காய்கறி வேன் ஒன்றை மறித்து, கையெடுத்துக் கும்பிட்டு, அதில்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள்.

சாயங்காலம் குமார் அண்ணன் திரும்பி வந்தார். அதற்குள் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். அவர் நேராக வந்து உங்கள் சட்டையைப் பிடித்தார்.

"இன்னா பெருசு, எட்டடி சுவரு எழுப்பத் தெரிஞ்சுதே, தண்ணி போறதுக்கு ஒரு ஓட்ட வெக்கத் தெரில? எங்க, ஒரே ஒரு ஓட்டையக் காட்டு பாப்போம்! எம் பொண்டாட்டி கை போச்சுய்யா!"

நீங்கள் குனிந்து இடிபாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தீர்கள். நீங்கள் வெட்டிக் கொடுத்த அந்த வெள்ளைப் பைப். அதன் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தீர்கள். நான் மேலே, கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை. அதை மடக்கின குடைக்குள் போட்டுக்கொண்டு, "ஆமாப்பா. அந்தோணி ஓட்ட வெக்கலாம்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னுட்டேன். என் தப்புதான்" என்றீர்கள்.

அவ்வளவு பேருக்கு நடுவில் சொன்னீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நிவிதா என் இடுப்பில் இருந்தாள். அவளைக் காரணம் சொல்வது தப்பு. பயம், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இவர் உங்களிடம், "உங்க வீம்பால ஒரு பொம்பளையோட கை போச்சுப்பா" என்றார். நீங்கள் ரசம் கேட்டீர்கள். ஊற்றினேன்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம், மாமா. செல்வி அக்கா கைக்குள் கம்பி வைத்தார்கள். விரல் மடங்கவில்லை. தையல் மிஷினை விற்றுவிட்டு இட்லி மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நீங்கள் மணல் மூட்டைகளை அடுக்கி மிச்சம் இருந்த மண்ணை நிறுத்தினீர்கள். பின்கதவுக்குப் பூட்டுப் போட்டீர்கள். "நான் இருக்கற வரைக்கும் அங்க யாரும் தோண்டக் கூடாது" என்றீர்கள். தெருவில் புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாம், "அந்தப் பெரியவர் மாதிரி ஓட்டை வைக்காம கட்டிடாதீங்க" என்று மேஸ்திரிகளிடம் சொல்வது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தெரு நலச் சங்கக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அடைத்தது மேஸ்திரியின் ஆட்கள் என்று நினைத்தீர்களா, நான் என்று நினைத்தீர்களா? தினமும் உங்களுக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. "உப்பு கொஞ்சம் கம்மிம்மா" என்பீர்கள். கடைசியில் படுக்கையில் இருந்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். "தண்ணி வேணுமா மாமா" என்றுதான் வாயில் வந்தது.

நீங்கள் போன பிறகு, இந்த மாசியில் சமையலறைச் சுவரில் விரிசல் விட்டது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மண் போய், வீட்டு அஸ்திவாரமே வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லை. இவர் அந்தோணி மேஸ்திரியைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். தலையெல்லாம் நரைத்துவிட்டது அவருக்கு. சரிவை மேலும் கீழும் பார்த்தார். பேச்சை எடுத்த உடனேயே என்னிடம் கேட்டார்.

"யம்மா, வேலைய எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். ஆறு ஓட்ட நான் வெச்சேன். பெருசுதான் பைப்பு வெட்டிக் குடுத்தாரு. அப்பறம் ஏன் அவுரே வெக்கலன்னு சொன்னாரு? நான் வெக்கலாம்னு சொன்னேன்னு என்னக் காப்பாத்தித்தான் சொன்னாராம். ஆனா ஜனம் அப்பிடியா பேசுது? சொல்றத கேட்டுகினு ஓட்ட வெக்காம கட்டுன மேஸ்திரின்னு பேரு வந்துச்சு. இந்தத் தெருவுல அதுக்கப்பறம் ஒரு வேல எனக்கு வரல."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா" என்றேன். பதினோரு வருஷத்தில் எத்தனையாவது பொய் என்று தெரியவில்லை.

மூன்றாவது நாள் அஸ்திவாரம் தோண்டும்போது அவர் கையில் ஒரு பைப் துண்டு கிடைத்தது. கழுவிக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். வாயில் சிமெண்ட் அடைத்திருந்தது. மேல்பூச்சு உதிர்ந்து, விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. சின்ன விரல். ஆம்பளை கை இல்லை என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். அவர் அதை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நான்தாண்ணா அடைச்சேன்" என்றேன்.

அந்தோணி அண்ணன் படியில் உட்கார்ந்தார். பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "அந்த மழைக்கு ஓட்ட இருந்தாலும் நின்னிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. எட்டடிக்கு அந்தச் செங்கச் சுவரு ஒல்லி. ரெண்டு அடுக்கா பிரிச்சுக் கட்டணும்னு நானும் அப்பவே சொல்லியிருக்கணும். மண்ணு கனம் ஒண்ணு. அதுல தண்ணி சேந்துட்டா அது வேற கனம்" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தண்ணீரை உள்ளே தேக்கினவள் நான்.

பைப்பைப் பையில் போட்டுக்கொண்டு செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இடது முழங்கையால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வலது கையால் ஊற்றுவாள். அப்படித்தான் பழகியிருக்கிறாள். மேடைமேல் பைப்பை வைத்தேன். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதுக்குத்தான் பெருசு தோண்டவே விடல" என்றாள்.

"அவருக்குத் தெரியுமாக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தாரே. டெய்லி வருவாரு. மூணாவது நாளு எனக்குத் தாங்கல. நானும் சுமதியும்தான் அடைச்சோம்னு சொல்லி அழுதுட்டேன். 'எனக்குத் தெரியும்மா'ன்னாரு. பைப்ப பாத்ததுமே தெரிஞ்சுதுன்னாரு."

 அங்கே இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். அப்புறம் நீங்கள் சொன்னதை அவள் சொன்னாள். உங்கள் குரலிலேயே சொன்னாள்.

"'குமாரு கோவக்காரன். எம் புள்ள பாலுவும் லேசுப்பட்டவன் கெடையாது. நீங்க ரெண்டு பேரும் சின்னப் பொண்ணுங்க, மேலயும் கீழயும் இன்னும் எவ்வளவோ காலம் இதே எடத்துல குடும்பம் நடத்தணும். எம்மேல கோவம்னா அது என்னோட போயிடும்'னாரு. 'எனக்குத் தெரியும்னு சுமதிகிட்ட சொல்லிடாத. அவ என் மொகத்தப் பாத்து சோறு போடணும்'னு சொன்னாரு. நான் வாக்கு குடுத்துட்டேன் சுமதி."

மாமா, அதைக் கேட்டு நான் அழுதேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. எனக்குக் கோபமும் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு போனது எப்படி நியாயம்? உங்கள் முகத்தைப் பார்த்து நான் சோறு போட்டேனா? ஒரு நாளாவது நிம்மதியாகப் போட்டேனா? நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

அன்று இவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே இருந்தார். "வீம்புன்னு சொன்னேனே அப்பாவ. அத எங்க போய் திருப்பி வாங்கறது?" என்றார். அப்புறம் வெளியே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் லீவு போட்டு, அந்தோணி அண்ணனோடு சேர்ந்து ஜல்லி அள்ளிக் கொட்டினார்.

குமார் அண்ணனிடம் சொல்லத்தான் செல்வி அக்காவுக்கு ரொம்பப் பயம். நானும் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். தனியாகவே சொன்னாள். அடுத்த நாள் காலை அவர் நம் வீட்டுக்கு வந்தார். பத்து வருஷத்தில் அவர் நம் வாசல் ஏறினது அதுதான் முதல் தடவை. நீங்கள் போன அன்றுகூடத் தெருவிலேயே நின்றுவிட்டுப் போனவர். நேராக உங்கள் போட்டோ முன்னால் போய் நின்றார்.

"நாலு பேர் பாக்க சட்டையப் புடிச்சேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

டீ போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். என்னோடு இன்னும் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் கீழ்ச் சுவர் வேலை நடந்தபோது தினமும் வந்து தன் பக்கத்திலிருந்து பார்த்தார். பைப்பில் வருகிற தண்ணீர் அவர்கள் இடத்தில் விழாமல் இருக்க, சுவரோரமாக ஒரு வாய்க்கால் வெட்டி அடுத்த தெருக் கால்வாயில் சேர்க்க வேண்டும் என்றார் அந்தோணி அண்ணன். அது குமார் அண்ணன் வீட்டு நிலத்தில் போக வேண்டும். "போட்டுக்கங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். முதல் தடவையே யாராவது இந்த வாய்க்காலைப் பற்றி யோசித்திருந்தால் நான் சிமெண்ட் சட்டியைத் தூக்கியிருக்க மாட்டேன்.

போன வாரம் ஒரு பெரிய மழை. மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானங்கள் நம் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. மழை விட்டதும் நானும் செல்வி அக்காவும் அவள் வீட்டுப் பக்கம் நின்று பார்த்தோம். முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.  அப்புறம் நடுவில் இருந்த பைப்பில் ஒரு சொட்டு. பிறகு பக்கத்தில். கொஞ்ச நேரத்தில் ஏழிலும் வந்தது. முதலில் கலங்கலாக, போகப் போகத் தெளிவாக. வாய்க்காலில் ஓடிப்போனது. செல்வி அக்கா மடங்காத அந்த விரல்களை ஒரு பைப்புக்கு அடியில் நீட்டி நனைத்துக்கொண்டாள். "ஜில்லுன்னு கீது" என்றாள். 

இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? சட்டியப் புடிச்சது நான்தானே. எம் பேரும் இருக்கட்டும்" என்றாள். இவரிடமும் காட்டினேன். "ஆறு ஓட்டை இருந்துச்சுன்னு மேலயே போடு. தலைப்புலயே போடு" என்றார். போட்டுவிட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் பதினாலு பைப்பையும் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வேன், மாமா. நிவிதாவையும் கூட நிற்க வைத்துச் செய்வேன். ஏன் செய்கிறோம் என்று கேட்பாள். கேட்டால் முழுவதும் சொல்வேன். இந்த வீட்டில் அவள் தாத்தா பெயரைச் சொல்லி ஒரு பொய் இருந்தது என்பதை அவள் என் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை உங்களுக்குப் படைத்து முடித்ததும் இதன் பிரதிகளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். செல்வி அக்காவும் வருகிறாள். தெருவின் கீழ்முனையிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறி வருவோம். அந்தோணி அண்ணனைப் பற்றித் தப்பாகப் பேசின வீடுகளும் அதில் உண்டு, உங்களைப் பற்றிப் பேசின வீடுகளும் உண்டு. கதவில் சொருகிவிட்டு ஓடி வர மாட்டேன். மணி அடித்து, ஆள் வந்ததும் கையில் கொடுப்பேன். கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். அதற்கப்புறம்தான் அடுத்த வீட்டுக்கு ஏறுவேன். ஒரு வீட்டையும் விட மாட்டேன், மாமா. இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள்,
உங்கள் மருமகள் சுமதி